டிம்பர், லம்பர், புவா: மரச் சொற்கள் எங்கே பிரிகின்றன?

கேள்வி இது: "ஆங்கிலத்தில் வுட், டிம்பர், லம்பர் என்று மூன்று சொற்கள். பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் 'புவா' என்றுதான் வருகிறது. கனடாவிலிருந்து வந்த ஒரு தாளிலும் பிரான்சிலிருந்து வந்த ஒரு தாளிலும் 'புவா தெவ்ர்' என்ற ஒரே சொல் இருக்கிறது, ஆனால் இரண்டிலும் பொருள் வேறாகத் தெரிகிறது. எதற்கு எதை ஈடாக எடுத்துக்கொள்வது?"

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டால் இங்கே நிச்சயம் தடுமாறுவீர்கள். ஆங்கில வணிகச் சொற்கள் பெரும்பாலும் மரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன: நிற்கிறதா, வெட்டிக் கிடக்கிறதா, அறுத்தாயிற்றா. பிரெஞ்சு மர வணிகமோ அந்த மரம் எதற்குப் போகப்போகிறது என்பதை வைத்துப் பெயரிடுகிறது: கட்டவா, கூழாக்கவா, எரிக்கவா. இந்த இரண்டு கணக்கும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. போதாததற்கு, ஒரே மொழிக்குள்ளும் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளில் பொருள் மாறுகிறது. அதனால் எந்த நாட்டுத் தாள், அதில் மரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே சொல்லைத் தொட வேண்டும்.

டிம்பரிலிருந்து தொடங்குகிறேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கட்டடம், வீடு என்று பொருள். ஜெர்மனில் அறையைக் குறிக்கும் 'ட்சிம்மர்' இதன் நெருங்கிய உறவு. லத்தீனில் வீட்டைக் குறிக்கும் 'தோமுஸ்' தூரத்து உறவு. கட்டடத்திலிருந்து கட்டடம் கட்டும் பொருளுக்கும், அங்கிருந்து அந்தப் பொருளைத் தரும் மரத்துக்கும் பெயர் நகர்ந்தது. இடைக்கால இங்கிலாந்தில் டிம்பர் வேறு, வுட் வேறு. உத்தரத்துக்கும் தூணுக்கும் ஆகும் பெரிய மரம் டிம்பர். அடியோடு வெட்டிவிட்டுத் துளிர்க்கவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கம்பு, கழி, விறகு எல்லாம் வுட். ஒரே காட்டில் டிம்பர் ஒருவருக்கும் வுட் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம்.

அதனால்தான் இது சட்டச் சொல்லாகவும் ஆனது. ஆயுள்காலம் வரை மட்டும் நிலத்தை அனுபவிக்கும் உரிமை உள்ளவர் அதிலுள்ள டிம்பரை வெட்டக் கூடாது. வெட்டினால் பின்னால் வரப்போகும் உரிமையாளரின் சொத்தை அழித்த குற்றம். அப்படியானால் எது டிம்பர்? 1874இல் ஹனிவுட் வழக்கில் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் இதை விளக்கினார். ஓக், ஆஷ், எல்ம் ஆகிய மூன்றும் 20 வயதைக் கடந்திருந்தால் டிம்பர். ஆனால் பயன்படும் கட்டை கிடைக்காத அளவுக்கு முதிர்ந்து போயிருக்கக் கூடாது. சில வட்டாரங்களில் அவ்வூர் வழக்கப்படி வேறு மரங்களும் சேரும். பக்கிங்ஹாம்ஷரில் பீச் மரம் அப்படிச் சேர்ந்தது. ஒரு அகராதிச் சொல்லுக்குள் வயதும் ஊரும் பரம்பரைச் சொத்தும் அடங்கியிருப்பதை இந்த வழக்கு அளவுக்கு வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

இன்றைய வழக்குக்கு வருவோம். அமெரிக்காவில் டிம்பர் என்றால் முதன்மையாக நிற்கும் மரம், அல்லது அறுப்புக்குப் போகாத மரம். வனத்துறை டிம்பர் விற்கிறது என்றால் காட்டில் நிற்பதை வெட்டிக்கொள்ளும் உரிமையை விற்கிறது. வெட்டி விழுந்ததும் அது லாக். அறுத்து அளவுபடுத்தியதும் லம்பர். விதிவிலக்கு ஒன்று உண்டு: 5 அங்குலமும் அதற்கு மேலும் கனமுள்ள அறுத்த கட்டைகளை அமெரிக்கத் தச்சர்கள் பன்மையில் டிம்பர்ஸ் என்பார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, இலங்கை எல்லாம் வேறு பக்கம். அங்கே அறுத்த பலகைக்கும் டிம்பர்தான். நம்மூர் டிம்பர் டிப்போவில் நிற்கும் மரம் ஒன்றுகூட இருக்காது, இல்லையா? அது பிரிட்டிஷ் வழக்கு விட்டுச் சென்ற பெயர். லம்பர் என்ற சொல் பிரிட்டனில் தட்டுமுட்டுச் சாமானையே குறித்தது. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறை அங்கே லம்பர் ரூம். வட அமெரிக்காவுக்குப் போன குடியேறிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே அதே சொல்லை அறுத்த மரத்துக்கு வழங்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, பிரெஞ்சு. புவா என்பது காட்டையும் குறிக்கும், கட்டையையும் குறிக்கும். பாரிஸின் பெரிய பூங்காக்களான புவா த பூலோஞ், புவா த வான்சேன் இரண்டும் காடுகளாக இருந்தவை. பன்மையில் மானின் கொம்புகளுக்கும் இசைக்குழுவின் மரக்குழல் வாத்தியங்களுக்கும் இதே சொல். இப்படிப் பரந்து கிடக்கும் சொல்லை வணிகத்துக்கு அப்படியே பயன்படுத்த முடியாது என்பதால் வால் ஒட்டுகிறார்கள். புவா தெவ்ர் என்றால் வேலைப்பாட்டுக்கு உரிய மரம்: அறுக்க, தோலுரிப்பது போலச் சீவி ஒட்டுப்பலகை செய்ய, பீப்பாய்க்குப் பிளக்க. புவா தாந்துஸ்த்ரி என்றால் காகிதக் கூழுக்கும் துகள் பலகைக்கும் கம்பங்களுக்கும் போவது. புவா த ஷொஃபாஜ் விறகு. ஒரே மரத்தின் அடித்தண்டு முதல் வகையிலும், நடுப்பகுதி இரண்டாவதிலும், கிளை மூன்றாவதிலும் போய்ச் சேரலாம்.

இங்கேதான் உங்கள் இரண்டு தாள்களும் பிரிகின்றன. பிரான்சில் அறுவடைக் கணக்கில் புவா தெவ்ர் என்று எழுதினால் அது பெரும்பாலும் இன்னும் அறுக்காத உருட்டுக்கட்டை; அறுக்கத் தகுதியானது, அவ்வளவுதான். கனடாவில் அதே சொல் அறுத்து முடித்த லம்பர். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1982இலிருந்து நடக்கும் மரச் சண்டையை ஆங்கிலச் செய்தித்தாள்கள் சாஃப்ட்வுட் லம்பர் தகராறு என்றும் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் செய்தித்தாள்கள் புவா தெவ்ர் தகராறு என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஊசியிலை மரப் பலகையைப் பற்றியவை. தகராறின் வேரிலும் ஒரு மரச் சொல் இருக்கிறது: ஸ்டம்பேஜ், அதாவது நிற்கும் மரத்துக்கு வெட்டுபவர் காட்டின் உடைமையாளருக்குக் கொடுக்கும் விலை. கனடாவில் காடுகளில் பெரும்பகுதி மாகாண அரசுகளுடையது, விலையை அவையே வைக்கின்றன. அது சந்தை விலையைவிடக் குறைவு, ஆகவே மறைமுக மானியம் என்பது அமெரிக்க ஆலைகளின் வாதம். 2006 ஒப்பந்தம் 2015 அக்டோபரில் காலாவதியானது; 2017இலிருந்து மறுபடியும் வரி. இந்த ஸ்டம்பேஜை கியூபெக்கில் துருவா த கூப் என்பார்கள், வெட்டு உரிமைக் கட்டணம். பிரான்சில் மரத்தைச் சுர் பியே விற்றார்கள் என்று வந்தால், நின்ற நிலையிலேயே விற்றார்கள் என்று பொருள். இப்படிப்பட்ட தாளில் ஒரு கனமீட்டர் புவா தெவ்ரை ஒரு கனமீட்டர் லம்பர் என்று எழுதிவிட்டால், அறுக்கும்போது தூளாகவும் சிராயாகவும் போகிற பங்கெல்லாம் கணக்கில் பலகையாகிவிடும். பண விஷயம், கவனம் தேவை.

பயனை வைத்து மரத்தைப் பிரிக்கும் பழக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 3ஆம் நூற்றாண்டின் ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியான், உயிலில் ஒருவர் மரத்தை எழுதி வைத்தால் எது எது சேரும் என்று ஆராயும் இடத்தில், லிக்னும் என்பது பொதுப்பெயர் என்றாலும் கட்டவும் முட்டுக் கொடுக்கவும் தேவையானது மத்தேரியா, எரிக்க வைத்திருப்பது லிக்னும் என்று பிரிக்கிறார். நாம் மரம் என்றும் விறகு என்றும் பிரிப்பதும் கிட்டத்தட்ட இந்த வெட்டுக்கோடுதான். அந்த மத்தேரியாவின் பிள்ளைகள் பல. போர்ச்சுகீசில் மரம் மடெய்ரா. காடு மண்டிக் கிடந்த தீவுக்கும் அந்தப் பெயரே வைத்தார்கள். பிரெஞ்சில் அது இரண்டு தொழிற்சொற்களாக ஒடுங்கிவிட்டது: மத்ரியே என்ற கனத்த பலகை, மெரான் என்ற பீப்பாய்ப் பலகை.

மெரானைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஒரு காலத்தில் எல்லாக் கட்டட மரத்துக்கும் வழங்கிய சொல் இது. இடைக்கால இங்கிலாந்தின் லத்தீன் கணக்கேடுகளில் டிம்பருக்கு எழுதப்படும் மெரேமியும் இதன் இன்னொரு வடிவம். இன்று திராட்சை மதுப் பீப்பாய் செய்ய, ஓக் மரத்தை நாரோட்டத்தை ஒட்டிப் பிளந்து எடுக்கும் பலகை மட்டும்தான் மெரான். பிளக்க வேண்டும், இஷ்டத்துக்கு அறுக்கக் கூடாது. ஐரோப்பிய ஓக்கின் நீர்க்குழாய்களைக் குறுக்கே வெட்டிவிட்டால் பீப்பாய் கசியும். அமெரிக்க வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் அதை அறுத்தும் செய்யலாம். பிளக்கும்போது பெரும்பகுதி கழிவாகிவிடுவதால் பிரெஞ்சு ஓக் பீப்பாய் விலை கூடுதல். இந்த ஓக்குக்குப் பேர்போன காடு பிரான்சின் நடுவில் ஆலியே மாவட்டத்தில் உள்ள த்ரோன்சே. 14ஆம் லூயியின் அமைச்சர் கொல்பேர், கடற்படைக்குக் கப்பல் மரம் வேண்டும் என்று 1669 வனச்சட்டத்தோடு காடுகளைச் சீர்படுத்தியபோது இதுவும் அந்தத் திட்டத்துக்குள் வந்தது. அன்று வளர்க்கத் தொடங்கியவை முதிர்வதற்குள் மரக்கப்பலின் காலமே முடிந்துபோனது. இன்று அந்தக் காட்டின் தண்டுகள் மது அறைகளுக்குப் போகின்றன.

கூரை மரவேலைக்கு பிரெஞ்சில் ஷர்பாந்த் என்று தனிச்சொல். 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்த பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் கூரைச் சட்டகத்துக்கு 'காடு' என்றே செல்லப்பெயர் இருந்தது. அத்தனை ஓக் மரங்கள் அதில் நின்றன. அதைத் திரும்பக் கட்ட ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. கோபுரத்துக்கான பெரிய மரங்களில் சில 2021 மார்ச்சில் பெர்சே காட்டிலிருந்து வந்தன. உலராத பச்சை மரத்தைக் கோடரியால் செதுக்கிச் சதுரமாக்கும் பழைய முறையைத் தச்சர்கள் கையாண்டார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் திறந்தது. அந்த வேலையைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் டிம்பர் ஃப்ரேம் என்று வந்ததெல்லாம் பிரெஞ்சில் ஷர்பாந்த். வுட் என்று எழுதியிருந்தால் ஆங்கிலக் காதுக்கு ஏதோ குறைந்திருக்கும்.

அந்தக் கூரையின் உறுப்புகளுக்கு வந்தால், உத்தரம் பூத்ர், தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சொலீவ், கைமரம் ஷவ்ரோன், ஓடு பதிக்கும் ரீப்பர் லித்தோ. ஆங்கிலத்தில் முறையே பீம், ஜாய்ஸ்ட், ராஃப்டர், பேட்டன். பூத்ர் என்றால் பழைய பிரெஞ்சில் இளம் பெண்குதிரை. ஷவ்ரோன் வெள்ளாட்டின் பெயரிலிருந்து வந்தது. பாரம் சுமப்பதால் மிருகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஷவ்ரோன் ஆங்கிலத்துக்குப் போய், சிப்பாயின் சட்டைக் கையில் உள்ள கோணப் பட்டையாக மாறிவிட்டது. ஆகவே பிரெஞ்சு மரக்கடைச் சீட்டில் அதைப் பார்த்தால் கைமரம் என்றே படியுங்கள். தொழிலாளர் பெயர்களில் ஷர்பாந்தியே கட்டடத் தச்சர், மெனுயிசியே கதவு, ஜன்னல் செய்பவர், எபெனிஸ்த் நுண்மையான மரச்சாமான் செய்பவர். கடைசிப் பெயர் கருங்காலியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கார்ப்பென்டர், ஜாய்னர், கேபினட் மேக்கர். இவை மட்டும் ஓரளவு நேருக்கு நேர் பொருந்துகின்றன.

அளவுகளில் ஏமாற வாய்ப்பு அதிகம். வட அமெரிக்காவின் டூ பை ஃபோர் பெயரில்தான் 2க்கு 4 அங்குலம். உலர்த்தி இழைத்துக் கைக்கு வரும்போது ஒன்றரைக்கு மூன்றரை, அதாவது 38க்கு 89 மில்லிமீட்டர். கியூபெக்கில் அதையே தெ பார் கத்ர் என்கிறார்கள். பிரான்சில் மில்லிமீட்டரில் பேசுவார்கள். மத்ரியேயின் வழக்கமான அளவு 75க்கு 225. கணக்குப் போட்டுப் பாருங்கள், அது 3க்கு 9 அங்குலம். பால்டிக் கரை ஆலைகள் ஆங்கிலச் சந்தைக்கு அறுத்த, டீல் என்று அழைக்கப்பட்ட பலகையின் அளவும் அதே. பழைய ஆங்கில நாவல்களில் வரும் டீல் மேசைக்கும் பேரத்துக்கும் தொடர்பில்லை. மலிவான ஊசியிலை மரத்தில் செய்த சாதாரண மேசை அது. லண்டன் சர்ரே துறைமுகங்களில் இந்தப் பலகைகளைத் தோளில் சுமந்தவர்கள் டீல் போர்ட்டர்கள். கனடா வாட்டர் நீர்நிலையில் அவர்களுக்கு ஒரு சிலை இருக்கிறது.

விறகுக்கு வட அமெரிக்காவில் கார்ட்: 4க்கு 4க்கு 8 அடி அடுக்கு, 128 கன அடி. பிரான்சில் ஸ்தேர். 1795 ஏப்ரலில் மீட்டர் முறையை நிறுவிய சட்டமே இதை விறகுக்கென்று வகுத்தது: ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கிய ஒரு கனமீட்டர். இடைவெளிக் காற்றும் அதில் சேர்த்தி. அதே கட்டைகளை ஐம்பது சென்டிமீட்டராக வெட்டி அடுக்கினால் இடைவெளி குறைந்து ஏறக்குறைய 0.8 கனமீட்டர்தான் வரும். மரம் குறையவில்லை, ஆனால் வாங்கியவர் குறைந்ததாக நினைப்பார். ஸ்தேரை வெறும் கனமீட்டர் என்று மொழிபெயர்ப்பது தவறு. ஸ்தேர் என்றே விட்டுவிட்டு ஒரு வரி விளக்கம் சேர்ப்பது நல்லது.

ஹார்ட்வுட், சாஃப்ட்வுட் என்பதற்குக் கடினத்தோடு நேரடித் தொடர்பில்லை. அகல இலை மரம் ஹார்ட்வுட், ஊசியிலை மரம் சாஃப்ட்வுட். பஞ்சுபோன்ற பால்சா ஹார்ட்வுட். வில் செய்யும் உறுதியான யூ மரம் சாஃப்ட்வுட். பிரெஞ்சு இந்த இடத்தில் நேர்மையாக ஃபெய்யூ, ரெசினே என்கிறது: இலை மரம், பிசின் மரம். யூ மரத்தில் பிசின் குழாயே கிடையாது என்றாலும் அதையும் இரண்டாவதில்தான் சேர்ப்பார்கள். பிரிட்டிஷ் மரக்கடையில் ரெட்வுட் என்றால் கலிஃபோர்னியாவின் ராட்சத மரமல்ல, ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன். அதே பைனை பிரெஞ்சு வணிகர் 'வடக்கின் சிவப்பு சப்பான்' என்பார். சப்பான் என்றால் அகராதியில் ஃபர் மரம், ஆனால் இந்தப் பைன் ஃபர் அல்ல. இரண்டு மொழி வணிகர்களும் நிறத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கியூபெக் பிரெஞ்சு தனி உலகம். 1806இல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராகக் கண்டத் தடையை, அதாவது ஐரோப்பாவில் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடையை, அறிவித்து, பால்டிக் மரம் கிடைப்பது சிக்கலானதும் பிரிட்டன் கனடா பக்கம் திரும்பியது. அதே ஆண்டுதான் ஃபிலமன் ரைட் என்பவர் சதுரமாகச் செதுக்கிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஒட்டாவா ஆற்று வழியாகக் கியூபெக் நகரத்துக்கு முதன்முதலாகக் கொண்டு சேர்த்தார். ஆங்கிலேய முதலாளிகள், பிரெஞ்சு பேசும் தொழிலாளர்கள். சொற்கள் இரு பக்கமும் ஓடின. ஆற்றில் கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டும் டிரைவ் பிரெஞ்சில் திராவ் ஆனது, ஓட்டுபவர் திராவர். மறுபக்கம், மரம் வெட்டும் முகாமான ஷாந்தியேயிலிருந்துதான் குடிசையைக் குறிக்கும் ஆங்கில ஷான்டி வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. பிரான்சில் ஷாந்தியே என்றால் கட்டுமான இடம். பிரான்சின் சிரி, அதாவது மர அறுவை ஆலை, கியூபெக்கில் பல வாய்களில் இன்னும் முலான் அ சி. ஸ்ப்ரூஸ் மரம் பிரான்சில் எபிசேயா, கியூபெக்கில் எபினெத்.

தாம்ப்ர் என்ற பிரெஞ்சுச் சொல்லை டிம்பரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தபால்தலை, அல்லது குரலின் தன்மை. மரத்தோடு தொடர்பே இல்லை. மரபுத்தொடர்களில் லாங்க் த புவா, மர நாக்கு, என்பது அரசியல்வாதிகளின் வெற்றுச் சொற்சிலம்பம். கெல் த புவா, மர வாய், என்பது முந்தின இரவு குடித்ததன் மறுநாள் தலைவலி. ஆங்கிலத்தில் இவற்றை மரம் இல்லாமல்தான் சொல்ல முடியும்.

உண்மையான ஆபத்து மரவகைப் பெயர்களில். நம் ஈட்டி மரம் ஆங்கிலத்தில் ரோஸ்வுட். அதைப் பிரெஞ்சில் புவா த ரோஸ் என்று எழுதிவிடத் தோன்றும், கூடாது. ஈட்டி பிரெஞ்சில் பலிசாந்த்ர். பாரிஸ் எபெனிஸ்துகளின் பேச்சில் புவா த ரோஸ் என்பது 18ஆம் நூற்றாண்டு அரண்மனை மரச்சாமான்களில் இழைத்து ஒட்டிய, இளஞ்சிவப்புக் கோடுள்ள பிரேசில் மரம். ஆங்கிலத்தில் அதற்கு டியூலிப்வுட். ஆனால் டியூலிப்வுட் என்றே அமெரிக்காவில் ஒரு மலிவான வெளிர் மரமும் விற்கிறது. மடகாஸ்கரில் புவா த ரோஸ் என்றால் வேறொன்று, அந்தத் தீவின் கருஞ்சிவப்பு ரோஸ்வுட். பிரெஞ்சு கயானாவில் வாசனை எண்ணெய் எடுக்கும் மரத்துக்கும் அதே பெயர். முந்திரி மரத்தின் பெயராக வந்த அகாஜு இன்று பிரெஞ்சில் மஹாகனி. இலங்கையின் முதிரை ஆங்கிலத்தில் சாட்டின்வுட். அதைச் சொல்லுக்குச் சொல் புவா சத்தினே என்றால் கயானாவின் சிவப்பு மரம் வந்து நிற்கும். பிரெஞ்சு எபெனிஸ்த் முதிரையை இலங்கை எலுமிச்சை மரம் என்றுதான் அறிவார். தேக்குதான் தொல்லை தராதது: தென்னிந்தியப் பெயரே போர்ச்சுகீசு வழியாக ஆங்கிலத்தில் டீக், பிரெஞ்சில் டெக்.

ரோஸ்வுட் விஷயத்தில் இது வெறும் நடைக் குறையாக முடியாது. ஈட்டி, மடகாஸ்கர் ரோஸ்வுட், பிரேசில் டியூலிப்வுட் எல்லாம் டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து சைட்டீஸ் என்ற அழியும் உயிரின வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அமெரிக்க டியூலிப்வுட்டும் கயானா மரங்களும் வேறு குடும்பங்கள். எனவே ரோஸ்வுட், புவா த ரோஸ், பலிசாந்த்ர் என்று ஒரு தாளில் வந்தால், அனுப்பியவரிடம் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்கி, வணிகப் பெயருக்கு அருகிலேயே எழுதிவிட்டு அப்புறம் அடுத்த வரிக்குப் போங்கள். ஈட்டி என்றால் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா.